செல்வநாயகமும் 1972 குடியரசும்

1898 இல் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முடியாட்சியின் அபிமானி அல்லர். இராணி அப்புக்காத்துப் பட்டம் பெற்றிருந்தார் என்பது வேறு விடயம். 1972 மே 22 இல் இலங்கை குடியரசானபோது, பாரபட்சமான சட்டங்களுக்குத் தடைவிதித்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவும் இராணியோடு அகன்றதே அவரை உறுத்தியது. மலையகத் தமிழரின் குடியுரிமையை அப்பிரிவு காக்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. எனினும் இருந்த வேலி அதுவொன்றே.

ஒக்டோபர் 3 இல் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, புதிய யாப்பைத் தமிழர் ஏற்கின்றனரா என இடைத்தேர்தலில் அறியுமாறு அரசுக்குச் சவால் விடுத்தார். அரசோ 28 மாதங்கள் இழுத்தடித்தது. 1975 பெப்ரவரி 6 இல், நடுக்குவாதத்தால் தளர்ந்திருந்த அம்முதியவர் 16,000 க்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்றார். யாப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாழ்நாளெல்லாம் சமஷ்டி கேட்டவர், 1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார்.

1977 ஏப்ரல் 26 இல் காலமானார். மறுஆண்டே அந்த யாப்பும் மாற்றப்பட்டது. 29 ஆம் பிரிவு திரும்பவில்லை.