கணிதமேதை சீனிவாச இராமானுஜன்
கல்லூரியின் முதலாண்டில் இடறியவர் வரலாறு

பள்ளிக்கூடத்திலே முதல்வனாய் விளங்கிய மாணவன், கல்லூரியிற் புகுந்த சில மாதங்களுக்குள் தளர்ந்துபோவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். தம்பலகாமத்து வயல்வெளிகளினிடையே ஆதிகோணேசர் கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மேற்படிப்பை நாடி யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ செல்லும்போது, பாடங்கள் மாத்திரமன்றி உணவும் உறக்கமும் பேச்சும் அவனுக்குப் புதியனவாகின்றன. அந்த முதற் சில மாதங்களைக் கடத்தல் எளிதன்று. நம்மூரைப் போலவே நெல் விளையும் காவிரி நாட்டிலே வளர்ந்து, உலகம் போற்றும் கணிதமேதையாய்த் திகழ்ந்த சீனிவாச இராமானுஜனும் அங்கேதான் இடறினார். அவருடைய வரலாற்றை இங்கே சுருங்கக் கூறுவாம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி, தாயின் பிறந்தகமாகிய ஈரோட்டிலே பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்திலே. தந்தையார் துணிக்கடை ஒன்றிலே கணக்கெழுதியவர். மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். வறுமையிலும் பிள்ளையின் படிப்பு ஒளிவிட்டது. 1897இல் நடைபெற்ற ஆரம்பப் பரீட்சையிலே தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். பின்னர் நகர உயர்தரப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், கார் என்பவர் இயற்றிய கணித நூல் ஒன்று அவர் கைக்கு எட்டிற்று. ஏறக்குறைய ஐயாயிரம் தேற்றங்களைத் தொகுத்துரைத்த அந்நூல், பெரும்பாலும் நிறுவல்களை விரித்துக் கூறாதது. அவற்றைத் தாமே நிறுவ முயன்ற இளைஞருக்குக் கணிதமன்றிப் பிறிதொன்றும் சுவைக்கவில்லை.

1904இல் பரிசும் புகழும் பெற்றுப் பள்ளியை விட்டு வெளியேறிய அவர், உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே எவ்.ஏ. வகுப்புக்குக் கணிதத்துடன் ஆங்கிலம், வடமொழி, உடற்றொழிலியல், கிரேக்க உரோம சரித்திரம் ஆகியவையும் உரியன. மற்றப் பாடங்கள் நடக்கும் வேளையிலும் அவர் மனம் எண்களிலேயே தோய்ந்திருந்தது. ஆங்கிலக் கட்டுரையிலே தவறினார்; உபகாரச் சம்பளம் நின்றது. தாயார் கோமளத்தம்மாள் கல்லூரித் தலைவரிடம் சென்று முறையிட்டும் பயன் விளையவில்லை. ஒரு தவணைக் கட்டணமோ 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்டது. நாணமும் கவலையும் மேலிட, 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பெற்றோர் பத்திரிகையிலே விளம்பரம் செய்து தேடினர். திரும்பி வந்தபின் வகுப்புக்குச் சென்றும், வரவு போதாமையாற் தவணைச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

மறுவருடம் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே மீண்டும் தொடங்கினார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய ஆற்றலை உணர்ந்து, கடினமான கணக்குகளை அவரோடு அமர்ந்து ஆராய்ந்தார். ஆயினும், தவளையை அறுத்துப் பார்க்கும் உடற்றொழிலியல் அவருக்கு வெறுப்பையே தந்தது. இடையிலே வயிற்றுளைவு நோய் கண்டு மாதக்கணக்கில் வீட்டிலே கிடக்கவும் நேர்ந்தது. 1906இலும் 1907இலும் பரீட்சையிற் தோல்வியுற்றார். இவ்வாறு பட்டமின்றியே கல்லூரி வாழ்வு முடிந்தது.

பின்வந்த ஆண்டுகள் வேலையின்றி அலைந்த ஆண்டுகள். இராமச்சந்திர ராவ் என்னும் கனவான் சிலகாலம் மாதம் 25 ரூபாய் உதவினார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதலாந் திகதி சென்னைத் துறைமுகத்திலே 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வைத் திருப்பிற்று. அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது.

1914 ஏப்பிரலில் இங்கிலாந்தை அடைந்தபோது, இருபத்தாறு வயதிலே மீண்டும் ஒரு முதற்றவணை அவருக்கு வாய்த்தது. சில வாரம் நெவில் என்னும் கணிதஞரின் இல்லத்திலே தங்கிப் பின்னர் திரினிற்றிக் கல்லூரி விடுதிக்குச் சென்றார். சப்பாத்து அவர் கால்களை வருத்தியது. மரக்கறி உணவன்றி உண்ணாதவராதலின் தம் அறையிலே தாமே சமைத்தார். குளிரால் அவர் உறங்க முடியாதிருப்பதை அறிந்த சகமாணவர் மகலநோபிஸ், அறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலின் கம்பளிகளுக்குள்ளே நுழைந்து படுத்தல் வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகலநோபிஸ் அதனைக் காட்டிக் கொடுத்தார்.

ஹார்டியின் முறை கருதத்தக்கது. இராமானுஜனுக்குத் தற்காலக் கணிதத்திற் பல பகுதிகள் தெரியா. அவற்றைக் கற்பித்தல் வேண்டும்; ஆயினும் யாவற்றையும் முறைப்படி திணித்தால் அவருடைய ஊக்கம் கெடும். ஆகவே வேண்டியவற்றை மாத்திரம் பக்குவமாக ஊட்டி, மற்றதை அவர் போக்கிலே விட்டார். விளைவு விரைவிலே வந்தது. 1916இல் ஆராய்ச்சியாற் பட்டமும், 1918இல் இராயல் சங்கத்து உறுப்புரிமையும் திரினிற்றிக் கல்லூரி உறுப்பாண்மையும் அவரை அடைந்தன.

உடல் மட்டும் அந்நாட்டோடு இணங்கவில்லை. 1917இல் நோயுற்றார், 1919இல் தாயகம் மீண்டார், 1920 ஏப்பிரல் 26ஆந் திகதி தமது 32ஆம் வயதிலே சென்னையிற் காலமானார். அக்காலத்தவர் அதனைக் காசநோய் என்றனர். முன்னர் கண்ட வயிற்றுளைவு நோயே முற்றி ஈரலைத் தாக்கியிருத்தல் கூடும் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுவர்.

இவ்வரலாற்றிலே மாணவர் கற்கவேண்டியது, வெறுத்த பாடத்தைப் புறக்கணித்தல் மேதைக்கு அடையாளம் என்பதன்று. அப்புறக்கணிப்பால் இராமானுஜன் பல ஆண்டுகளை இழந்தார். ஆசிரியர் கற்கவேண்டியது, மதிப்பெண் ஏடு மாணவன் முழுவதையும் காட்டாது என்பது. கல்லூரிக்கு மாணவன் இணங்குதல் போலவே, மாணவனை அறிந்து கல்லூரியும் ஓரடி இறங்கி வருதல் வேண்டும். பழைய மாணவராகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஹார்டி போன்ற ஆசிரியராதல் எல்லார்க்கும் இயல்வதன்று. மகலநோபிஸ் செய்தது எவர்க்கும் இயலும். நம்மூர்ப் பிள்ளையொருவன் தூரத்துக் கல்லூரியின் முதற்றவணையிலே தனித்திருப்பதை அறிந்தால், அவன் அறைக்கதவைத் தட்டி, உண்டாயா, உறங்கினாயா என்று வினவுவோமாக.