காவிரியிடம் பயின்ற பொறியாளர்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது முக்கொம்பு. அகன்ற காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம்; தெற்கே செல்வது காவிரி. இரண்டிற்கும் இடையே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. கொள்ளிடத்தின் தரை தாழ்ந்தது. அதன் சரிவும் மிகுதி. காவிரியின் தரை உயர்ந்தது, சரிவு குறைவு. தாழ்ந்த இடத்தை நாடுவது நீரின் இயல்பு. ஆகவே தஞ்சைத் தரணியின் வயல்களுக்குப் போக வேண்டிய நீர், ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கொள்ளிடத்தின் பக்கம் சாய்ந்து, பயனின்றிக் கடலில் கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சாய்வு பேரிடராக வளர்ந்திருந்தது. காவிரியின் தலைப்பில் மணல்மேடுகள் உயர்ந்தன; வாய்க்கால்கள் தூர்ந்தன. உழவர்கள் தழையும் மணலும் முளைக்கழிகளும் கொண்டு கொரம்பு என்னும் தற்காலிகத் தடுப்பை எழுப்பி நீரைத் திருப்பினர். அடுத்த வெள்ளம் அதனை அடித்துச் சென்றுவிடும். கடைமடை நிலங்கள் தரிசாகிக்கொண்டிருந்தன.

இந்த நோயின் மூலத்தை அறிய, வெயிலில் ஆற்றுமணலில் நடந்து, மட்டம் பார்த்து, அளவெடுத்துக் குறித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரே பின்னாளில் சர் ஆர்தர் காட்டன் எனப் புகழ்பெற்றவர்.

இளமையும் வருகையும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் நிறைந்த குடும்பம் அது. பதினைந்தாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அலுவலர்களை உருவாக்கிய அடிஸ்கோம் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு அவர் கற்றது படைப்பொறியியல். கோட்டையும் பாலமும் அதன் பாடங்கள். பின்னர் வேல்ஸ் பகுதியில் சிறிது காலம் நில அளவைப் பணி செய்தார். 1821இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. அடுத்த ஆண்டு பாம்பன் கடற்கால்வாயை அளந்தாய்ந்தார். அதன்பின் முதல் பர்மியப் போரில் பங்கேற்றுத் திரும்பினார். ஏரி, குளங்களைப் பேணும் துறையில் தென்மாவட்டங்களைச் சுற்றிவந்தபோதுதான் இந்நாட்டின் நீர்ப்பாசனம் அவருக்கு அறிமுகமாயிற்று. 1828இல் காவிரிப் பாசனத்தின் பொறுப்பு அவர்பால் வந்தது. ஆற்றைப் பற்றிய நூலறிவு அவரிடம் மிகுதியாக இல்லை. அன்றைய இங்கிலாந்திலும் அத்தகைய அறிவுக்கு இடம் குறைவு. மழை நாளில் பெருங்கடல் போலவும் கோடையில் வெறுமணலாகவும் தோன்றும் ஆறுகள் அந்நாட்டில் இல்லை.

கல்லணை என்னும் பாடம்

திருவரங்கத் தீவு முடியும் இடத்தில் காவிரியும் கொள்ளிடமும் மீண்டும் நெருங்கி வருகின்றன. அங்கே காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்துவிடாமல் காப்பது கல்லணை. கரிகாலன் பெயரோடு வழங்கும் அவ்வணை ஆயிரம் அடிக்கு மேல் நீண்டது. நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து செல்வது. காட்டனை வியக்கவைத்தது அதன் நீளமோ பழமையோ அன்று. அடியில் பாறை இல்லை. எத்தனை அடி தோண்டினாலும் மணலே வருகிறது. அத்தகைய மணலின்மேல் ஓர் அணை பல நூற்றாண்டுகளாக நிற்பது எவ்வாறு என்பதே அவரை வாட்டிய வினா.

அதற்கான விடையைத் தேடி அவர் அணையின் கட்டமைப்பை நுணுகி ஆராய்ந்தார். கற்களை ஆற்றுமணலில் இட்டால், ஓடும் நீர் அவற்றின் அடிமணலை அரிக்கும். கற்கள் கீழே இறங்கும். இறங்கிய கற்களின்மேல் மேலும் கற்களை இட வேண்டும். இவ்வாறு இட இட ஓர் ஆழத்தில் அரிப்பு நின்றுவிடும். கற்கள் அசையாமல் நிலைபெறும். அதுவே அடித்தளம். அதன்மேல் களிமண்ணோடு கற்களை அடுக்கி அணையை உயர்த்தலாம். ஆற்றின் அரிப்பை எதிர்த்துப் போராடாமல், அந்த அரிப்பையே வேலையாளாக்கிக்கொண்ட நுட்பம் இது. எழுதப்பட்ட இலக்கணம் ஏதுமின்றி இம்மண்ணின் கைவினைஞர் கையாண்ட இவ்வறிவைத் தாம் அவர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தவர் ஆளப்படுவோரின் அறிவை ஒப்புக்கொள்வது அரிதாக இருந்த காலம் அது. ஆகவே இதனைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது.

கல்லணையில் ஒரு குறையும் இருந்தது. 1804இல் ஆங்கிலேய அலுவலர் ஒருவர் நீரைக் கூடுதலாகத் தேக்கும் நோக்கில் அதன் உயரத்தைக் கூட்டியிருந்தார். நோக்கம் நன்று, விளைவு வேறு. உயர்ந்த அணை நீரோடு வண்டலையும் தடுத்தது. காவிரியின் தரை மேலும் உயர்ந்தது. நீர் முன்னினும் மிகுதியாகக் கொள்ளிடத்திற்குத் திரும்பியது. நோய்க்குத் தந்த மருந்தே நோயை வளர்த்தது. காட்டன் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்துத் தேங்கிய மணல் வெளியேற வழிசெய்தார். ஆயினும் சிக்கலின் வேர் முக்கொம்பில் இருப்பதை அவர் உணர்ந்தார்.

மேலணையும் கீழணையும்

கொள்ளிடத்தின் தலைப்பிலேயே ஒரு குறுக்கணை கட்ட வேண்டும் என்பது அவர் முடிவு. அது முழுமையாக அடைக்கும் அணையாக இருத்தல் கூடாது. சிறு வெள்ளத்தைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்ப வேண்டும். பெருவெள்ளம் வந்தால் தன்மேல் வழிந்தோட விட வேண்டும். மணலில் செங்கற் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் கட்டடம் எழுப்பும் முறை தென்னாட்டில் வழக்கில் இருந்தது. அம்முறையைப் பின்பற்றி முக்கொம்பில் மேலணையும், வெகுதொலைவு கிழக்கே அணைக்கரையில் கீழணையும் 1836இல் கட்டி முடிக்கப்பட்டன. கொள்ளிடத்தில் தப்பி வரும் நீரைக் கீழணை மறித்தது. வடவாற்றின் வழியாக அந்நீர் வீராணம் ஏரியை அடைந்தது. சோழர் காலத்து ஏரியாகிய வீராணம் இன்று சென்னை மக்களின் குடிநீருக்கும் உதவுகிறது.

மேலணை எழுந்தபின் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இப்போது காவிரிக்கு நீர் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தது. அதன் தலைப்பில் தரை அரிக்கப்பட்டு ஆழமாயிற்று. நீரின்றி வாடிய ஆறு, வெள்ளத்தால் கரையுடையும் ஆறாக மாறிவிடும் என்ற அச்சம் எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் காவிரியின் தலைப்பிலும் தரைமட்டத்தைக் காக்கும் சுவர் கட்ட நேர்ந்தது. கல்லணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும் நேர்ந்தது. ஆற்றின் ஓரிடத்தில் கைவைத்தால் அது பல இடங்களில் விடை சொல்லும் என்பதைக் காவிரி இவ்வாறு காட்டியது. ஆயினும் தஞ்சையில் பாசனம் நிலைபெற்றது, விளைச்சல் பெருகியது, கம்பெனியின் நிலவரி வருவாயும் உயர்ந்தது. இவற்றுள் கம்பெனியின் உள்ளத்தைத் தொட்டது எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் காட்டன் வேறொரு வேலையும் செய்தார். சென்னைச் சாலைகளுக்குக் கல் கொண்டுவரச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை 1837இல் ஓர் இருப்புப்பாதை இயங்கியது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை எனக் கருதப்படும் அதனை அமைத்தவர் அவரே. பின்னாளில் இருப்புப்பாதைகளை அவரைப்போல் கடிந்து பேசியவர் வேறு எவரும் இலர் என்பது வாழ்வின் விந்தை.

கோதாவரிக் கரையில்

நோயுற்ற காட்டன் ஓய்வுக்காக ஆஸ்திரேலியப் பகுதிக்குச் சென்றார். அங்கே தாஸ்மேனியாவில் 1841இல் எலிசபெத் லேர்மந்தை மணந்தார். இந்தியா திரும்பிய அவரைக் கோதாவரி மாவட்டம் எதிர்நோக்கியிருந்தது.

பேராறு ஒன்று நடுவே ஓட, அதன் இருகரையிலும் மக்கள் பட்டினியால் மடிந்த நிலம் அது. 1833இல் கொடிய பஞ்சம் வந்தது. 1839இல் பெரும்புயலும் கடற்பெருக்கும் ஊர்களை விழுங்கின. 1821இல் 7,38,000 அளவில் இருந்த மாவட்ட மக்கள்தொகை 1841இல் 5,61,000 அளவுக்குச் சுருங்கியது. நீர் இல்லாமையால் அன்று, நீரை நிலத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழி இல்லாமையாலேயே அவர்கள் மடிந்தனர். இதனைக் காட்டன் 1844 முதல் அரசுக்கு அறிக்கைகளாக எழுதினார். உயிர்களின் கணக்கோடு வரவு செலவுக் கணக்கையும் அவர் விடாமல் இணைத்தார். அணைக்கு இவ்வளவு செலவாகும், அதனால் இவ்வளவு வருவாய் பெருகும் என்று எழுதினால்தான் கோப்பு நகரும் என்பதைத் தஞ்சை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அணைக்கு அவர் முதலில் மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 4.75 லட்சம் ரூபாய். கோதாவரியின் அகலத்தை நோக்க, அத்தொகை அன்றைய பொறியாளர்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது. கல்லணையில் கற்ற பாடமே அச்சிக்கனத்தின் அடிப்படை. ஆழமாகத் தோண்டி அடித்தளமிடாமல், மணலின்மேல் பெருங்கற்களைக் கொட்டி, அவற்றை ஆறே உள்ளிழுத்து நிலைநிறுத்தச் செய்து, அதன்மேல் கட்டடம் எழுப்புவது அவர் திட்டம். கல்லுக்குத் தவளேசுவரத்துக் குன்று இருந்தது. குன்றிலிருந்து ஆற்றங்கரை வரை தண்டவாளம் இடப்பட்டது.

1847இல் பணி தொடங்கியது. ஆற்றின் நான்கு கிளைகளையும் இடையிலுள்ள தீவுகளையும் தழுவி அணை வளர்ந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைத்தனர். அவர்களைத் திரட்டியும் வேலையை நடத்தியும் துணைநின்றவர் வீணம் வீரண்ணா. பின்னர் ராவ் பகதூருக்கு இணையான ‘ராய் பகதூர்’ பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. இருந்தும் நூல்களில் அவர் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கல் சுமந்தோரின் பெயர்களுக்கு அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை. கேட்ட அளவுக்குப் பொறியாளர்களும் கொத்தர்களும் காட்டனுக்குத் தரப்படவில்லை. பயிற்சியில்லா இளைஞர்களை வேலையிடத்திலேயே பயிற்றிக்கொண்டார். வெயிலின் கடுமையால் 1848இல் அவர் உடல்நலம் குலைந்தது. அவர் விடுப்பில் சென்றிருந்தபோது ஆர் என்னும் அலுவலர் பணியைத் தொடர்ந்தார். காட்டன் 1850இல் மீண்டும் திரும்பினார். 1852இல் அணை நிறைவுற்றது. கன்னவரத்தில் 49 வளைவுகளின்மேல் கால்வாய் ஒன்று ஆற்றைக் கடந்து தீவுநிலத்துக்கு நீர் கொண்டுசென்றது. பசியால் வெறிச்சோடிய அம்மாவட்டம் ஒரு தலைமுறைக்குள் நெல்விளையும் செல்வநிலமாயிற்று.

ஏளனமும் இறுதிக்காலமும்

1860இல் பணிஓய்வு பெற்ற அவருக்கு 1861இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிந்தைய நாள்கள் அவருக்கு வழக்காடும் நாள்களாக அமைந்தன. இந்தியாவின் ஆறுகளைப் படகு செல்லும் கால்வாய்களால் இணைக்க வேண்டும். அவை வயலுக்கு நீரும் வணிகத்துக்கு வழியும் ஒருங்கே தரும். இருப்புப்பாதைக்குக் கொட்டும் பணத்தில் சிறு பகுதியே இதற்குப் போதும் என்பது அவர் வாதம். இருப்புப்பாதையில் பெரும்பணம் முதலிட்டிருந்த இங்கிலாந்தில் அவ்வாதம் எடுபடவில்லை. அவர் கனவில் குறையும் இருந்தது. அவர் ஊக்கத்தால் தோன்றிய சென்னைப் பாசனக் கம்பெனி துங்கபத்திரை நீரைக் கர்னூலிலிருந்து கடப்பைக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டியது. அப்பகுதி உழவர்கள் கரிசல் மண்ணில் புன்செய்ப் பயிர் செய்து பழகியவர்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. கம்பெனி நொடித்தது, 1882இல் கால்வாயை அரசு ஏற்றுக்கொண்டது. காவிரியில் மண்ணையும் மக்களையும் அருகிருந்து பயின்ற அதே மனிதர், இம்முறை தொலைவிலிருந்து கணக்கிட்டுவிட்டார்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. அதன்பின் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றின்முன் காட்டன் விசாரிக்கப்பட்டார். முதியவரின் திட்டங்களை மிகைக் கற்பனை என்று குழுவினர் ஒதுக்கினர். தஞ்சையும் கோதாவரிப் பகுதியும் அப்பஞ்சத்தைத் தாங்கி நின்றதை அவர் சுட்டிக்காட்டினார். இருப்புப்பாதைகள் தானியத்தைச் சுமந்தனவேயன்றி ஒரு மணியையும் விளைவிக்கவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். அவர்தம் கருத்து ஏற்கப்படவில்லை.

அதன்பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. டார்க்கிங் என்னும் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்து மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை விதைத்து, விளைச்சல் எவ்வளவு கூடுகிறது என்று அளந்துபார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் வயது எண்பதைக் கடந்திருந்தது. 1899 ஜூலை 24ஆம் நாள் அவர் காலமானார். அடுத்த ஆண்டு அவர் மகள் அவரது வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

தவளேசுவரத்தில் பழைய அணைக்கு மாற்றாக எழுந்த புதிய கதவணை 1982இல் நிறைவுற்றது. அது காட்டனின் பெயரைத் தாங்கியுள்ளது. ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் நிலம் அதனால் பாசனம் பெறுகிறது. முக்கொம்பில் மேலணை 182 ஆண்டுகள் நின்றது. 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவில், பெருவெள்ளத்தின்போது, கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. மணல்மூட்டைகளும் பாறைகளும் கொண்டு தற்காலிகத் தடுப்பு எழுப்பி, காவிரிக்கு நீர் தடைப்படாமல் காத்தனர். பின்னர் பழைய அணைக்குக் கீழே புதிய கதவணை கட்டப்பட்டது.