பெப்போ ஒக்கியாலினி

புகழ் சிலரைத் தேடி வருகின்றது. சிலரைக் கண்டும் காணாதது போற் கடந்து செல்கின்றது. இரண்டாம் வகையினருள் ஒருவராகிய இத்தாலிய விஞ்ஞானி ஜியுசெப்பே ஒக்கியாலினியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1907ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் பொசொம்புரோனே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரும் பௌதிக வல்லுநரே. பெப்போ என்பது இவரது செல்லப்பெயர். புளோரன்ஸிற் கல்வி முடித்து, 1931இல் கேம்பிரிட்ஜ் சென்று பிளாக்கெட் என்பாருடன் கூடினார். முகிலறையினுட் புகும் அண்டக்கதிர் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளுமாறு இருவரும் ஒரு கருவி சமைத்தனர். அதன் துணையால், கதிரின் ஆற்றல் எலெக்ட்ரான், பாசிட்ரான் என்னும் இணையாக மாறுதலை 1933இல் விளக்கினர்.

நாடு திரும்பியவர் பாசிச ஆட்சியில் மனம் ஒன்றாது, 1937இல் பிரேசிலுக்குச் சென்றார். 1942இல் அந்நாடு போரிற் புகவே, பகைநாட்டவராகிய இவர் மலைப்புறத்தை அடைந்து வழிகாட்டியாகப் பிழைத்தார். ஆய்வுக்கூடத்தை இழந்தும் ஊக்கம் இழந்தாரல்லர். 1945இல் பிரிஸ்டல் நகரிற் பவெல் என்பாருடன் சேர்ந்தார். லாட்டெஸ் முதலியோரும் உடனிருக்க, 1947இல் பை-மேசான் என்னும் துகள் வெளிப்பட்டது. நோபெல் பரிசு 1948இல் பிளாக்கெட்டுக்கும், 1950இல் பவெலுக்கும் அளிக்கப்பெற்றது. ஒக்கியாலினிக்கோ இருமுறையும் கிடைத்திலது. அவரோ மிலான் நகரில் இளைஞரைப் பயிற்றி, ஐரோப்பிய விண்வெளி ஆராய்ச்சிக்கு அடிகோலியவருள் ஒருவரானார். 1993 டிசம்பர் 30இல் பாரிஸிற் காலமானார்.

இத்தாலியரும் ஒல்லாந்தரும் சமைத்த சாக்ஸ் என்னும் எக்ஸ்கதிர்ச் செயற்கைக்கோள் 1996 ஏப்ரல் 30இல் ஏவப்பெற்றது. அவர் நினைவாக அதனைப் பெப்போசாக்ஸ் என வழங்கினர். வானிற் காமாக்கதிர் சில நொடிகளே வெடித்து மறைதலை 1967 முதற் கருவிகள் காட்டியிருந்தும், அவ்வெடிப்புகள் எத்துணைத் தொலைவில் நிகழ்கின்றன என்பது முப்பதாண்டு புதிராகவே நின்றது. 1997 பிப்ரவரி 28இல் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. ஏறக்குறைய எட்டு மணி நேரத்திற்குள் பெப்போசாக்ஸ் அத்திசையில் தன் தொலைநோக்கிகளைத் திருப்பி, ஆங்கே எக்ஸ்கதிர் வீசும் ஒரு புது மூலத்தைக் கண்டது. மூன்று நாட்களில் அஃது இருபதில் ஒரு பங்களவாக மங்கிற்று. தீ அணைந்தபின் தணலின் சூட்டால் அடுப்பிருந்த இடத்தை அறிவது போல, அப்பின்னொளியால் வெடிப்பின் இடம் துலங்கிற்று. பிற தொலைநோக்கிகளும் அவ்விடத்தை நாடின. அவ்வாண்டு மே 8இல் நிகழ்ந்த மற்றொரு வெடிப்பின் பின்னொளியை ஆராய்ந்தபோது, அது நம் பால்வீதிக்கு அப்பால், பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதெனத் தெளிந்தது.

நோபெல் பட்டியலில் இல்லாத அப்பெயர் இவ்வாறு வானிலேறிற்று. தேர்வுப் பட்டியலில் நம் பெயர் காணாது நாம் சோரும் நாட்களில், மலைவழி காட்டிப் பிழைத்து மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்த இப்பெரியாரை நினைந்து, நம் வேலையைத் தொடர்வோமாக.