சைக்கிளில் வந்த சங்கீத மேதை

இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் ஹெரிபோர்டு என்று ஓர் ஊர். அங்குள்ள பழைய தேவாலயத்தின் அருகே ஒரு சிலை இருக்கிறது. பெரிய மனிதர்களுக்குச் சிலை வைத்தால் குதிரை மேல் உட்கார வைப்பார்கள். கையில் வாளைக் கொடுப்பார்கள். இந்தச் சிலையில் குதிரையும் இல்லை, வாளும் இல்லை. மீசைக்காரர் ஒருவர் சைக்கிளில் சாய்ந்தபடி நிற்கிறார்!

அவர் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவர் அல்ல. சைக்கிளைக் கண்டுபிடித்தவரும் அல்ல. அவர்தான் சர் எட்வர்ட் எல்கர். இங்கிலாந்தின் தலைசிறந்த சங்கீத மேதைகளில் ஒருவர்.

பியானோக் கடை

எல்கர் 1857-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி ஊஸ்டர் நகருக்கு அருகில் பிராட்ஹீத் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை வில்லியம் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். ஊஸ்டர் கடைவீதியில் சங்கீதக் கடையும் வைத்திருந்தார். சுற்றுப்புறத்துப் பிரபுக்களின் மாளிகைகளுக்குக் கிராமப் பாதைகள் வழியே போய்ச் சுருதி சேர்த்துவிட்டு வருவார். அடிலெய்டு என்ற விதவை ராணியின் பியானோவுக்கும் அவர்தான் சுருதி சேர்த்தார். சில நாட்களில் சிறுவன் எட்வர்டும் கூடப் போவான்.

மாளிகைக்குள் போகலாம். பியானோவைத் தொடலாம். ஆனால் விருந்தாளியாக அல்ல, வேலைக்கு வந்தவராக! இந்த வேற்றுமை பையன் மனத்தில் பதிந்துவிட்டது. கடைக்காரர் மகன்தானே என்று உலகம் நினைக்குமோ என்ற குறை, சர் பட்டம் வாங்கிய பிறகுகூட அவரை விடவில்லை.

சங்கீதக் கல்லூரியில் படிக்க வசதி இல்லை. 15 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஒரு வக்கீல் ஆபீசில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். கடையில் இருந்த புத்தகங்களைப் படித்து, தாமாகவே சங்கீதம் கற்றார். வயலின் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பவிக் என்ற ஊரில் மனநோயாளிகளின் மருத்துவமனையில் பாண்டு கோஷ்டியை நடத்தினார்.

இந்தியாவில் பிறந்த மனைவி

அவரிடம் சங்கீதம் கற்க வந்தவர்களில் ஒருவர் ஆலிஸ். இவர் பிறந்தது நம் நாட்டில், கட்ச் பகுதியிலுள்ள புஜ் நகரில்! தந்தை இந்திய ராணுவத்தில் தளபதியாக இருந்தவர். தளபதி மகள் கடைக்காரர் மகனை மணப்பதா என்று உறவினர் முகம் சுளித்தனர். ஆலிஸ் எட்டு வயது மூத்தவர் வேறு. அவர் எதையும் பொருட்படுத்தவில்லை. 1889-ல் கல்யாணம் நடந்தது.

இருவரும் லண்டனுக்குப் போனார்கள். அங்கே எல்கரைச் சீண்டுவார் இல்லை. 1891-ல் கைக்குழந்தை காரிசுடன் ஊர்ப்பக்கமே திரும்பி, மால்வெர்ன் என்ற மலையடி ஊரில் குடியேறினார்கள். மறுபடியும் வயலின் வகுப்புதான். இரவில் கணவர் சங்கீதம் எழுத, மனைவி வெறும் தாளில் கோடு போட்டுக் கொடுப்பார். ஆலிஸ் கோடு போட்டிராவிட்டால் எல்கர் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

1899-ல் 'எனிக்மா' என்ற இசை அரங்கேறியது. நண்பர்கள் ஒவ்வொருவரையும் வாத்தியங்களால் வரைந்து காட்டும் இசை அது. முதல் சித்திரம் ஆலிஸ். லண்டன் எழுந்து உட்கார்ந்தது. எல்கருக்கு அப்போது வயது 42.

1900-ம் ஆண்டு

மறு ஆண்டு தம் உயிரையே ஊற்றி ஒரு பெரிய படைப்பை எழுதினார். மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் ஆன்மா இறைவனை நோக்கிப் போகும் கதை. பர்மிங்காம் நகரில் அக்டோபர் 3-ந் தேதி அரங்கேற்றம். கோஷ்டிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். நடத்துனர் கைக்கு முழுத் தாள்கள் தாமதமாகத்தான் வந்தன. பாடகர்கள் தடுமாறினார்கள். அரங்கேற்றம் படுதோல்வி! எல்கர் மனம் உடைந்தார். கடவுள்மீதே கோபம் கொண்டார்.

அந்த ஆண்டில்தான் அவர் வாழ்க்கையில் சைக்கிள் வந்தது.

சைக்கிள் அப்போது இன்னும் புதுமைதான். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள வண்டி 1885-ல் கவென்ட்ரி நகரில் உருவானது. டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888-ல். 43 வயதில் எல்கர் ஓட்டக் கற்றுக்கொண்டார். வாங்கியது 'சன்பீம்' வண்டி. சங்கிலியை எண்ணெய்ப் பெட்டிக்குள் மூடி வைத்த உயர்ந்த ரகம். விலை 21 பவுனுக்கு மேல். வயல்வேலை செய்தவருக்கு வாரம் ஒரு பவுன்கூடக் கிடைக்காத காலம் அது!

சன்பீம் என்றால் சூரியக் கதிர். ஆகவே வண்டிக்குச் சூரிய தேவனின் பெயரையே வைத்தார்: மிஸ்டர் பீபஸ். இப்படி வார்த்தை விளையாட்டு அவருக்கு மிகவும் பிடிக்கும். குடியிருந்த வீட்டுக்கு 'கிரெய்க் லீ' என்று பெயர். ஏதோ மலைநாட்டுப் பெயர் என்று நினைப்போம். ஆலிஸ், காரிஸ், எட்வர்ட் மூவரின் முதல் எழுத்துக்களையும் எல்கர் என்ற பெயரையும் கலைத்துச் சேர்த்த ஆங்கில எழுத்துக்கள்தான் அவை.

மலைக்குக் கிழக்கே, மலைக்கு மேற்கே

மால்வெர்ன் குன்றுகள் வடக்கு தெற்காக எட்டு மைல் நீளம். உச்சி 1,395 அடி. கிழக்கே இறங்கினால் செவெர்ன் நதியின் சமவெளி. அப்டன், டூக்ஸ்பரி ஆகிய ஆற்றங்கரை ஊர்களுக்குச் சைக்கிள் சுகமாக ஓடும். கணவாயைத் தாண்டி மேற்கே போனால் பூமி அலை அலையாக ஏறி இறங்கும். ஆப்பிள் தோப்பு, பேரித் தோப்பு, பீருக்கு வேண்டிய ஹாப் கொடிகள். லெட்பரி தாண்டிப் போனால் ஹெரிபோர்டு.

அந்தக் காலத்தில் தார் ரோடு கிடையாது. கோடையில் புழுதி, மழையில் சேறு. வீடோ மலைச் சரிவில் இருந்தது. எங்கே போனாலும் கடைசியில் மேடு ஏறித்தான் வீடு வரவேண்டும்!

ஆலிஸ் சைக்கிள் ஏறவில்லை. பல நாட்களில் கூடப் போனவர், காரிஸ் படித்த பள்ளியின் தலைமையாசிரியை ரோஸா பர்லி. சுற்றுவட்டாரத்தில் இருவரும் நுழையாத சந்து பொந்து இல்லை. தந்தை சுருதிக் கருவிகளுடன் சென்ற அதே நாட்டுப்புறம். இப்போது மகன் யாருக்கும் வேலைக்காரராக இல்லாமல் தம் விருப்பப்படி சுற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் பெரிய பெரிய இசைகள் பிறந்தன. சைக்கிள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மனம் உடைந்தவர் அறைக்குள் அடைந்து கிடக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

1901-ல் எழுதிய ராணுவ நடை மெட்டை லண்டன் மக்கள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டனர். பர்மிங்காமில் தோற்ற படைப்பு ஜெர்மனியில் டுசல்டார்ப் நகரில் வெற்றி கண்டது. 1904-ல் மன்னர் ஏழாம் எட்வர்ட் சர் பட்டம் கொடுத்தார். அந்த ஆண்டே குடும்பம் ஹெரிபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. வை நதிக்கரையும் மார்டிபோர்டு பாலமும் எல்கருக்குப் பிடித்த இடங்களாயின.

1912-ல் மீண்டும் லண்டன். இம்முறை பெரிய வீடு. பின்னர் உலக யுத்தம் வந்தது. 1920 ஏப்ரலில் ஆலிஸ் மறைந்தார். அதன்பின் எல்கர் பெரிய படைப்பு எதையும் முடிக்கவில்லை. கோடு போட்டுக் கொடுத்த கை போய்விட்டது.

சில ஆண்டுகளில் ஊர்ப்பக்கம் திரும்பினார். இப்போது சைக்கிள் இல்லை. மோட்டார் காரும் நாய்களுந்தான் துணை. கடைசிக் காலத்தில் நண்பர் ஒருவரிடம், தாம் 1919-ல் எழுதிய செல்லோ இசையின் மெட்டை முணுமுணுத்துக் காட்டினார். பிற்காலத்தில் மால்வெர்ன் குன்றுகளில் யாரோ இதைச் சீட்டியடிப்பது கேட்டால் பயப்பட வேண்டாம், அது நான்தான் என்று சொன்னாராம்.

1934 பிப்ரவரி 23-ந் தேதி ஊஸ்டரில் காலமானார். மால்வெர்ன் மலைச் சரிவிலுள்ள சிறு தேவாலயத்தில், ஆலிசின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.