குடியாத்தம் அனுப்பிய முதலமைச்சர்

சுண்ணாம்புக் குழியின் நெடி எப்படிப்பட்டது என்று தோல் ஷாப்புத் தோழனைக் கேட்டால் சொல்லுவான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் தலைமுறை தலைமுறையாக அந்தக் குழியில் இறங்கியவர்கள் உண்டு. அப்பன் இறங்கிய குழியில் மகனும் இறங்கத்தான் வேண்டுமா? 1954ஆம் ஆண்டில் சென்னை இராச்சியத்தை உலுக்கிய கேள்வி இது. அதற்கு விடை தந்தவர், அதே ஆண்டில் குடியாத்தம் மக்களின் பிரதிநிதியானார். அவர்தான் காமராசர்!

1903 ஜூலை 15இல் விருதுநகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது; மாமனின் துணிக்கடை அழைத்துக்கொண்டது. படிக்க முடியாதவனின் ஏக்கம் எப்படிப்பட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடுதலைப் போரில் குதித்தார். பலமுறை சிறை சென்றார். வேலூர்ச் சிறையும் அவற்றில் ஒன்று. அங்கே இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1941இல் விடுதலையானதும் அந்தப் பதவியை உதறினார்.

1953இல் ஆச்சாரியார் ஆட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளை பாதி நாள் பள்ளியில் இருக்கட்டும், மீதி நாள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக் கல்வி என்று நாடே கொதித்தது. உத்தியோகஸ்தன் மகனுக்கு அது நஷ்டமா? இல்லை. தோல் பதனிடுபவன் மகனுக்கோ, பத்து வயதிலேயே குழிக்கு வழிகாட்டும் திட்டம்!

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சட்டமன்ற உறுப்பினராக வேண்டிய நிலையில் அவர் தேர்ந்தெடுத்தது குடியாத்தம் இடைத்தேர்தலை. கைத்தறியும் பீடியும் தீப்பெட்டியும் தோலும் சோறு போடும் தாலுகா அது. எதிர்த்து நின்றது, தொழிலாளரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த கம்யூனிஸ்டுக் கட்சி. காங்கிரசைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தனர். பாட்டாளி மக்கள் அவரை வெற்றிபெறச் செய்தனர்.

வாக்குக்குக் கைம்மாறு என்ன? தாழ்த்தப்பட்ட வகுப்பினரான பரமேசுவரனிடம் இந்து அறநிலையத்துறையை ஒப்படைத்தார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களுக்கு அது சாதாரணச் செய்தியா? 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளை பள்ளியில் நிலைக்க வழி பிறந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது.

1957இல் அவர் சாத்தூருக்கு மாறினார். 1963 அக்டோபர் 2இல் கட்சிப் பணிக்காகப் பதவி துறந்தார். 1975இல் அதே அக்டோபர் 2இல் மறைந்தபோது, சொந்த வீடுகூட அவருக்கு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. தோல் பதனிடும் தொழில் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருந்தது. ஆனாலும் குழியில் நின்றவனின் கூலிப் போராட்டம் அவர் காலத்தோடு முடியவில்லை. பாலாற்றின் நீரும் பின்னாளில் பாழானது. 1996இல் உச்சநீதிமன்றமே தலையிட நேர்ந்தது.

ஆகவே, தோழர்களே, வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியினராயினும் இரண்டு கேள்வி கேளுங்கள். என் பிள்ளையின் பள்ளிக்கு என்ன செய்தாய்? என் கூலிக்கு என்ன செய்தாய்? முதல் கேள்விக்குக் காமராசர் விடை தந்துவிட்டுப் போனார். இரண்டாவது கேள்வி இன்னும் நம் கையில் இருக்கிறது.