வளைகுடாவில் மது: மன்னர் இப்னு சவூத் மூடிய கதவு

வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் செல்லும் தமிழர்கள் விமான நிலையத்திலேயே ஒரு வேறுபாட்டைக் கண்டுகொள்கின்றனர். துபாய் விமான நிலையத்தின் தீர்வையற்ற கடைகளில் ஸ்காட்ச் விஸ்கிப் போத்தல்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பறந்து சென்றடையக்கூடிய ரியாத்திற்குள் அதே போத்தலைப் பையில் கொண்டு செல்வது தண்டனைக்குரிய குற்றம்.

இந்த வேறுபாட்டுக்கு மதம் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. இரண்டுமே இஸ்லாமிய நாடுகள். சவூதி முஸ்லிம்களுக்கு மது எப்போதும் விலக்கப்பட்ட ஒன்றாகவே இருந்தது. ஆனால் அந்நாட்டில் வாழ்ந்த வெளிநாட்டினருக்கும் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது 1952ஆம் ஆண்டில்தான். அந்த ஆணையைப் பிறப்பித்தவர் நவீன சவூதி அரேபியாவை நிறுவிய மன்னர் அப்துல் அஸீஸ் இப்னு சவூத். ஆணைக்கு முன்னால் நிகழ்ந்தது, அவரது சொந்தக் குடும்பத்தைத் தொட்ட ஒரு கொலை.

நாடிழந்த சிறுவன்

1876ஆம் ஆண்டளவில் ரியாத்தில் பிறந்தவர் இப்னு சவூத். போட்டிக் குலமான ரஷீத் வம்சத்தினர் நகரைக் கைப்பற்றியதால், சிறுவனாக இருந்தபோதே குடும்பத்துடன் வெளியேறி குவைத்தில் அடைக்கலம் புகுந்தார். 1902ஆம் ஆண்டு ஜனவரியில் சிறு குழு ஒன்றுடன் இரவில் ரியாத்துக்குள் நுழைந்து, விடிந்ததும் மஸ்மக் கோட்டையைத் தாக்கி நகரை மீட்டார். 1913இல் கிழக்கே அல் ஹஸா, 1924இல் மக்கா, 1925இன் இறுதியில் ஜித்தா என அவரது ஆட்சி விரிந்தது. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி சவூதி அரேபிய இராச்சியம் பிரகடனம் செய்யப்பட்டது.

இந்த வெற்றிகளில் இஃவான் எனப்பட்ட தீவிர மதப்பற்றுடைய பாலைவனப் படையினருக்குப் பெரும் பங்கு இருந்தது. புகையிலையையும் தொலைபேசியையும் மோட்டார் வாகனத்தையும் கூட அவர்கள் ஐயத்துடன் நோக்கினர். மன்னரோ மார்க்கத்தில் உறுதியானவர். ஆயினும் உலகுடன் உறவின்றி ஒரு நாட்டை நடத்த முடியாது என்பதை அறிந்தவர். இந்த முரண்பாடு முற்றி, 1929இல் சபிலா என்ற இடத்தில் தமது பழைய படையினரையே அவர் போரில் தோற்கடிக்க நேர்ந்தது.

தங்க நாணயங்களும் அந்நியரும்

யாத்ரீகர் வருகையை நம்பியிருந்த அரசின் வருவாய், 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தால் சரிந்தது. 1933ஆம் ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் உரிமை வழங்கப்பட்டது. கைம்மாறாக முதலில் கிடைத்தவை 35 ஆயிரம் தங்க நாணயங்கள். பேரம் நடந்த காலத்தில் மன்னருக்கு நெருக்கமாக இருந்தவர்களில் ஒருவர், இலங்கையின் பதுளையில் 1885இல் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயரான ஹாரி செயின்ட் ஜான் ஃபில்பி.

1938இல் தம்மாமின் ஏழாவது கிணற்றில் எண்ணெய் பெருமளவில் கிடைத்தது. அமெரிக்கப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் தஹ்ரானில் குடியேறினர். ஜித்தாவில் வெளிநாட்டுத் தூதரகங்கள் பெருகின. தங்கள் வேலிக்குள் இவர்கள் மது அருந்துவதை அரசு கண்டும் காணாமல் இருந்தது. தன் குடிமக்களுக்கு ஒரு சட்டம், விருந்தாளிகளுக்கு ஒரு சலுகை என்பதே மன்னர் கண்ட சமரசம்.

இந்தச் சமரசம் மன்னரின் முன்னிலையிலேயே ஒருமுறை சோதிக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் எகிப்தில் அவர் முதலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைக் கப்பலில் சந்தித்தார். மன்னரின் எதிரில் ரூஸ்வெல்ட் புகைபிடிக்கவில்லை. மூன்று நாட்கள் கழித்து ஃபயூம் பாலைவனச் சோலையில் விருந்தளித்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலோ, விஸ்கியிலும் சுருட்டிலும் நாட்டம் மிக்கவர். புகைப்பதையும் மது அருந்துவதையும் தமது வாழ்க்கை நெறி கட்டாயமாக்குகிறது என்று அவர் பாதி வேடிக்கையாகத் தெரிவித்தார். மன்னர் அதைப் பொறுத்துக்கொண்டார். மக்காவின் புனிதக் கிணற்று நீரைச் சர்ச்சிலுக்கு வழங்கச் செய்தார்.

ஜித்தாவில் ஓர் இரவு

ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1951ஆம் ஆண்டு நவம்பரில், ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராகப் பணியாற்றிய சிரில் அவுஸ்மனின் இல்லத்துக்கு மன்னரின் புதல்வர்களில் ஒருவரான இளவரசர் மிஷாரி சென்றிருந்தார். அவருக்கு அப்போது வயது 19. மேலும் மது கேட்ட இளவரசருக்கு அவுஸ்மன் மறுத்துவிட்டார். சினத்துடன் வெளியேறிய மிஷாரி, துப்பாக்கியுடன் திரும்பி வந்து வீட்டை நோக்கிச் சுட்டார். அவுஸ்மன் உயிரிழந்தார்.

அப்போது மன்னர் எழுபது வயதைக் கடந்திருந்தார். பழைய போர்க் காயங்களாலும் மூட்டு வலியாலும் நடக்க இயலாமல் சக்கர நாற்காலியை நாடியிருந்தார். அவருக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட புதல்வர்கள். பாலைவனத்தில் ஒழுங்கை நிலைநாட்டியவர் என்று பெயர் பெற்றவர் அவர். அவரது பாதுகாப்பை நம்பி வந்த விருந்தாளியை அவரது மகனே கொன்றிருந்தார். கொலையுண்டவரின் உறவினர் உயிருக்கு உயிர் கேட்கலாம், அல்லது இழப்பீடு பெறலாம் என்பது ஷரியா சட்டத்தின் விதி. மகனின் உயிரைப் பலியாகத் தரவும் மன்னர் முன்வந்தார் என்றும், அவுஸ்மனின் மனைவி அதை ஏற்காமல் இழப்பீடு பெற்று நாட்டை விட்டுச் சென்றார் என்றும் சவூதி வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். மிஷாரி சிறையில் அடைக்கப்பட்டார். தந்தையின் மறைவுக்குப் பின் விடுவிக்கப்பட்டார்.

மறு ஆண்டு, வெளிநாட்டினருக்கான சலுகையை மன்னர் முடிவுக்குக் கொண்டுவந்தார். மது இறக்குமதி எவருக்கும் அனுமதிக்கப்படாது என்று ஆணையிடப்பட்டது. குற்றம் இழைத்தவர் அரச குடும்பத்தவர். தண்டனையின் சுமை நாட்டிலிருந்த அந்நியர் அனைவர் மீதும் விழுந்தது என்று இதை விமர்சிக்கலாம். ஆனால் தமது மக்களிடமிருந்து வேலி போட்டுத் தனியே வைத்த மது, தமது வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டதைக் கண்ட ஒரு தந்தையின் முடிவாகவும் இதைக் காணலாம். 1953ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, தாயிஃப் நகரில் இப்னு சவூத் காலமானார்.

ஆணைக்குப் பிந்திய காலம்

அண்டை நாடுகள் வெவ்வேறு வழியில் சென்றன. குவைத் 1960களில் மதுவைத் தடை செய்தது. பஹ்ரைன், ஓமன், கத்தார் ஆகியவை உரிமம் பெற்ற விடுதிகளில் அனுமதித்தன. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஒவ்வொரு எமிரேட்டும் தனக்கெனச் சட்டம் வகுத்தது. துபாய் அனுமதித்தது, அதை ஒட்டியுள்ள ஷார்ஜா 1985இல் தடை விதித்தது. காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் ஆயிரக்கணக்கானோர், தினமும் இருமுறை இந்த எல்லையைக் கடக்கின்றனர்.

மதுவிலக்கு வசதி படைத்தோரையும் ஏழைகளையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை என்பது தமிழகமும் அறிந்த பாடம். சவூதியில் தூதரகங்களுக்கு ராஜீயச் சரக்குகளின் வழி இருந்தது. வெளிநாட்டு ஊழியர் குடியிருப்புகளில் சித்தீக்கி எனப்படும் வடிசாராயம் இரகசியமாகக் காய்ச்சப்பட்டது. 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெத்தனால் கலந்த மதுவை அருந்தி 23 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோர் ஆசிய நாட்டவர். மது சட்டபூர்வமாக விற்கப்படும் தமிழகத்திலும், 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே மெத்தனாலுக்கு இரையாயினர். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலிவான சாராயத்தைத் தேடிச் செல்பவர் தினக்கூலித் தொழிலாளியாகவே இருக்கிறார்.

2024 ஜனவரியில், முஸ்லிம் அல்லாத ராஜதந்திரிகளுக்காக ரியாத்தின் தூதரகப் பகுதியில் மதுக்கடை ஒன்று திறக்கப்படுவதாகச் செய்திகள் வெளியாயின. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மூடியிருந்த கதவு சற்றே திறந்தது. இப்னு சவூதின் பேரரான பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் நாட்டை வழிநடத்தும் காலத்தில் இது நிகழ்ந்துள்ளது. ஆனால் அந்தக் கதவு யாருக்காகத் திறக்கப்பட்டது என்பதும் கவனத்துக்குரியது. சவூதியின் கட்டுமானத் தளங்களிலும் வீடுகளிலும் உழைக்கும் இலட்சக்கணக்கான தெற்காசியத் தொழிலாளர்களுக்கு, 1952ஆம் ஆண்டில் இடப்பட்ட ஆணையே தொடர்கிறது.