வக்ஃபைக் காத்த சட்டமன்ற உறுப்பினர்: இளம் ஜின்னா

முகம்மது அலி ஜின்னா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாகிஸ்தான்தான். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே, முஸ்லிம் குடும்பங்களின் சொத்துரிமைக்காக அவர் செய்த பணி இன்று பெரிதாகப் பேசப்படுவதில்லை.

1876 டிசம்பர் 25 அன்று கராச்சியில் பிறந்த ஜின்னா, லண்டனில் சட்டம் பயின்று 1896-இல் பாரிஸ்டரானார். பிறகு பம்பாயில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றார்.

அக்காலத்தில் முஸ்லிம்களை ஒரு தீர்ப்பு வாட்டியது. தம் சொத்தைப் பிள்ளைகளுக்கும் சந்ததியினருக்கும் பயன்படுமாறும், இறுதியில் ஏழைகளைச் சேருமாறும் வக்ஃபு செய்வது ஷரீஅத்தில் உள்ள வழக்கம். லண்டன் பிரிவி கவுன்சில் 1894-இல் இத்தகைய ஒரு வக்ஃபைச் செல்லாது என்றது. ஏழைகளுக்கான பங்கு வெறும் பெயரளவுக்கே என்பது அதன் வாதம். நீதிபதி சையித் அமீர் அலி இக்கருத்தை மறுத்தார். மௌலானா ஷிப்லி நுஃமானி உலமாக்களின் ஆதரவைத் திரட்டினார். ஆனால் தீர்ப்பை மாற்றச் சட்டம் வேண்டும்.

அதற்கான வாசல் 1909-இல் திறந்தது. 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தேர்தல் என்ற சொல்லே இல்லை. அமைப்புகள் பெயர்களைப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். மிண்டோ - மார்லி சீர்திருத்தமோ வைஸ்ராயின் சட்டசபைக்குக் கூடுதல் உறுப்பினர்களை 60 வரை உயர்த்தி, 27 இடங்களுக்குத் தேர்தலை ஏற்றது. சபை விதிகளும் மாறின. உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரலாம். கேள்வி கேட்டவரே துணைக்கேள்வியும் கேட்கலாம். எனினும் தீர்மானங்கள் அரசைக் கட்டுப்படுத்தா. பெரும்பான்மையும் அரசு அதிகாரிகளிடமே இருந்தது.

பம்பாய் முஸ்லிம்களின் பிரதிநிதியாக 1910-இல் ஜின்னா சபைக்குள் நுழைந்தார். வயது 33. தனித்தொகுதி முறையில் அவருக்கு அப்போது உடன்பாடில்லை. உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதை விரிவாக்கக் கூடாதென்று அதே ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தார். பிப்ரவரியில், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை எதிர்த்து கோகலே கொண்டுவந்த தீர்மானத்தின்மீது பேசினார். அங்கே வாடியவர்களில் தமிழர்களும் ஏராளம். இந்தியர்கள் அங்கு கொடுமையாக நடத்தப்படுவதாக அவர் சொன்னதை, மிகக் கடுமையான சொல் என்று வைஸ்ராய் மிண்டோ ஆட்சேபித்தார். ஜின்னா பின்வாங்கவில்லை.

1911 மார்ச்சில் வக்ஃபு மசோதாவை முன்வைத்தார். மதம் தொடர்பான மசோதாவுக்கு கவர்னர் ஜெனரலின் முன் அனுமதி வேண்டும் என்பது விதி. மாகாண அரசுகளின் கருத்தும் கேட்கப்பட்டது. இதற்குள் அவரது பதவிக்காலம் முடிந்துவிட்டது. மசோதாவை நடத்திச் செல்வதற்காகவே வைஸ்ராய் ஹார்டிங் அவரை நியமன உறுப்பினராக்கினார். 1913 மார்ச்சில் அது சட்டமானது.

முந்தைய வக்ஃபுகளுக்கு அது பொருந்தாது என்று பின்னர் நீதிமன்றங்கள் கூறின. 1930-இல் இன்னொரு சட்டம் அக்குறையையும் நீக்கியது. 1948 செப்டம்பர் 11 அன்று ஜின்னா காலமானார்.

வாக்கெடுப்பில் அரசை வெல்ல முடியாத சபை அது. அங்கே விதிகளைக் கற்று, இரண்டு ஆண்டுகள் பொறுமையாக உழைத்து, தம் சமுதாயத்துக்கு ஓர் உரிமையை மீட்டுத் தந்தார் அந்த இளம் உறுப்பினர். பொதுவாழ்வுக்கு வரும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு இது.